குளோவர் செடியில் மரபணுப் பன்மை: காட்டில் எவ்வளவு, வயலில் எவ்வளவு?

பட்டர்வொர்த்தில் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: "பயிராக்கிய செடிகளில் மரபணுப் பன்மை குறைந்துவிடும், காட்டுச் செடிகளில்தான் நிறைந்திருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் குளோவர் பற்றிப் படிக்கும்போது, விதைக்கடையில் விற்கும் ரகத்துக்குள்ளும் காட்டுக் குளோவருக்குள் இருப்பதற்கு நிகரான பன்மை இருப்பதாகப் போட்டிருக்கிறது. எது சரி? பினாங்கில் குளோவர் வளராது. இதை என் மாணவர்களுக்கு எதை வைத்துக் காட்டுவது?"

டீச்சர், இரண்டும் சரிதான். இரண்டு பேரும் அளப்பது வேறு வேறு பன்மையை. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு ஒன்று, கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு இன்னொன்று. குளோவரைப் பயிராக்கியதில் முதலாவது அவ்வளவாகப் போகவில்லை. இரண்டாவதுதான் போனது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுவதால்தான் குழப்பம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு செம்பனைத் தோட்டங்களுக்கு மூடுபயிர் விதை பார்த்த வேலையில் என் வாழ்நாளில் பெரும்பகுதி போனது. அவரைக் குடும்பத்துச் செடிகள் என்றால் எனக்கு உயிர். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் செடியைப் பற்றி. குளோவர் என்பது அவரைக் குடும்பத்துத் தீவனச் செடி, ஆனால் ஒரே செடி இல்லை. டிரைஃபோலியம் என்ற பேரினத்தில் சுமார் 250 இனங்கள் உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளில்தான் அதிகம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும், எத்தியோப்பியா, கென்யா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களிலும் தனித்தனியாகப் பல இனங்கள் கிளைத்திருக்கின்றன. நம் பக்கத்துக்குச் சொந்தமாக ஒன்றும் இல்லை. இத்தனை இனங்களில் மனிதன் விதைத்து வளர்ப்பது ஒரு கைப்பிடிதான்: வெள்ளைக் குளோவர், சிவப்புக் குளோவர், மண்ணுக்குள் காய்க்கும் சப் குளோவர், எகிப்திலும் வட இந்தியாவிலும் மாட்டுத் தீவனமாகும் பெர்சீம், இன்னும் சில. நியூசிலாந்துப் புல்வெளியில் புல்லோடு சேர்ந்து வளர்ந்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குத் தருவது வெள்ளைக் குளோவர். நம் வீட்டுப் பால்மாவு டின்னுக்குப் பின்னாலும் அந்தச் செடி இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு செடியின் பன்மை எங்கே தங்கும் என்பதை முதலில் தீர்மானிப்பது அது எப்படிக் கருவுறுகிறது என்பதுதான். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

வெள்ளைக் குளோவரும் சிவப்புக் குளோவரும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இதற்கென்று ஒரு மரபணு இருக்கிறது. அதை எஸ் மரபணு என்பார்கள். அதற்குப் பல வடிவங்கள், அதாவது அல்லீல்கள், உண்டு. ஒரு மகரந்தத் தூள் ஒரு வடிவத்தைச் சுமந்து வருகிறது. அது விழுந்த பூவின் சூல்தண்டிலும் அதே வடிவம் இருந்தால் மகரந்தக் குழாய் பாதியிலேயே நின்றுவிடும். தன் பூவின் மகரந்தம் கட்டாயம் தன்னிடம் இருக்கும் வடிவத்தைத்தான் சுமக்கும், அதனால் அதற்கு இடமில்லை. நெருங்கிய உறவுச் செடியின் மகரந்தமும் பாதிக்குப் பாதி இப்படித் தோற்றுப்போகலாம். ஊரில் யாரிடமும் இல்லாத புது வடிவத்தைக் கொண்டுவரும் மகரந்தத்துக்கோ எல்லாப் பூவும் கதவு திறக்கும். எனவே அரிதாக இருப்பதே இங்கு பலம். ஒரு வடிவம் குறையக் குறைய அதற்கு வாய்ப்பு கூடும், பெருகப் பெருக வாய்ப்பு சுருங்கும். எந்த வடிவமும் மற்றதை அழித்து ஊரையே பிடித்துவிட முடியாது. பன்மையைக் காக்க இதைவிட நேர்த்தியான ஓர் ஏற்பாட்டை நான் செடிகளில் பார்த்ததில்லை.

டார்வின் இதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார். தேனீக்கள் வந்துபோன 20 வெள்ளைக் குளோவர் பூங்கொத்துகளில் 2,290 விதை கிடைத்தது. வலை போட்டு மூடிய 20 கொத்துகளில் ஒன்றுகூட இல்லை. சிவப்புக் குளோவரில் திறந்திருந்த 100 கொத்துகளில் 2,700 விதை, மூடிய 100 கொத்துகளில் பூஜ்ஜியம். நியூசிலாந்துக்குச் சிவப்புக் குளோவர் போனபோதும் இதே கதைதான். செடி செழித்தது, விதை பிடிக்கவில்லை. பூவின் குழல் நீளம். அதற்குள் நாக்கை விடக்கூடிய பம்பிள் தேனீ அங்கு இல்லை. 1885இல் இங்கிலாந்திலிருந்து பம்பிள் தேனீக்களைக் கப்பலில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

நம் தோட்டப்புறத்திலும் இதுபோல ஒன்று நடந்தது, உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிக்கு ஞாபகம் இருக்கும். செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆட்களே கையால் தூவிய காலம் உண்டு. 1981இல் கேமரூனிலிருந்து சின்னஞ்சிறு கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அதன் பிறகு அந்த வேலையே இல்லாமல் போனது. ஒரு பயிரை இடம் மாற்றும்போது அதன் மகரந்தத் தூதரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, குளோவருக்குத் திரும்புவோம். தன்னைத் தானே ஏற்காத செடியில் நெல் மாதிரி தூய ரகம் உண்டாக்க முடியாது. செபெராங் பிறையில் எம்ஆர் 219 என்ற நெல் ரகம் விளைந்த ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் லட்சக்கணக்கான பயிர்களும் மரபணுவில் கிட்டத்தட்ட ஒன்றே. நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதால், தலைமுறை தலைமுறையாகச் சுத்திகரித்து அப்படி ஆக்க முடிகிறது. குளோவரில் அதே வேலையைச் செய்யப் பார்த்தால் விதையே பிடிக்காது. வற்புறுத்திப் பிடிக்க வைத்தாலும் சந்ததி நோஞ்சானாகப் போகும். அதனால் குளோவர் ரகம் உருவாக்குகிறவர்கள் நல்ல தாய்ச் செடிகள் பலவற்றைப் பொறுக்கி, ஒன்றாக நட்டு, தேனீக்களிடம் விட்டுவிடுகிறார்கள். கலந்து பிடித்த விதையைத்தான் ஒரு பெயர் சூட்டி விற்கிறார்கள். அந்தப் பாக்கெட்டில் இருக்கும் எந்த இரண்டு விதையும் ஒன்று போல் இருக்காது. ரகம் என்று பெயர், உண்மையில் அது ஒரு ஜனக்கூட்டம். நீங்கள் படித்தது இதைத்தான் சொல்கிறது. குளோவரில் மொத்த மரபணு வேறுபாட்டில் பெரும்பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. காட்டுக் கூட்டமானாலும் சரி, கடை ரகமானாலும் சரி.

அப்படியானால் எதுவுமே இழக்கவில்லையா? இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். பினாங்கு ஆட்களுக்கு நாசி கண்டாரை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கடையில் சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள், தட்டு தட்டாகச் சுவை மாறுகிறது. ஒரு கடைக்குள் மட்டும் நின்று பார்த்தால் வகைக்குக் குறைவே இல்லை. ஆனால் தீவிலுள்ள எல்லாக் கடைகளும் ஒரே மத்திய சமையலறையிலிருந்து அதே ஐந்து குழம்பை வாங்க ஆரம்பித்துவிட்டால்? தட்டில் இருக்கும் கலவை அப்படியே இருக்கும். ஒரு தட்டை மட்டும் ஆராய்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு கடைக்கும் உரிய கைப்பக்குவம் மட்டும் ஊரை விட்டே போயிருக்கும்.

குளோவரில் நடந்தது அதுதான். ஒரு செடியை எடுத்து அதில் எத்தனை மரபணுக்கள் இரண்டு வேறு வடிவங்களில் இருக்கின்றன என்று அளந்தால், கடை ரகமும் காட்டுச் செடியும் அருகருகே வரும். ஒரு நாடு முழுக்கச் சுற்றி எத்தனை வகை அல்லீல்கள் இருக்கின்றன என்று எண்ணினால் காட்டுக் கூட்டங்கள் முந்திவிடும். அரிதான அல்லீல்கள் ஒன்றிரண்டு கூட்டங்களில் மட்டும் ஒளிந்திருக்கும். பத்து இருபது தாய்ச் செடிகளை வைத்து ஒரு ரகம் தொடங்கும்போது, பரவலான அல்லீல்கள் எப்படியும் கூடவே வந்துவிடும். அரியவை வலையில் சிக்காது. முதல் அளவீடு இந்த இழப்பை உணரவே உணராது, இரண்டாவதுதான் காட்டிக்கொடுக்கும். எந்த ஆய்வைப் படித்தாலும் எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

சிவப்புக் குளோவரின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. ஐரோப்பாவில் பிளாண்டர்ஸ், பிரபான்ட் பகுதி விவசாயிகள் அதைப் பெரிய அளவில் பயிரிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் விதை அங்கிருந்து இங்கிலாந்துக்கும் மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஸ்விட்சர்லாந்தில் பண்ணையாட்கள் தலைமுறைகளாகத் தம் நிலத்திலேயே விதை எடுத்துக் காப்பாற்றிய நாட்டு ரகங்கள் உண்டு. மட்டன்கிளே என்று பெயர். மலையடிவாரத்தில் அதைச் சுற்றிலும் காட்டுச் சிவப்புக் குளோவரும் வளர்கிறது. பார்த்தால் நாட்டு ரகம் அந்தக் காட்டுச் செடியிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றும். டிஎன்ஏவை ஒப்பிட்டபோது வேறு மாதிரி தெரிந்தது. மட்டன்கிளே வெளியிலிருந்து வந்த பயிர்க் குளோவருக்கே நெருக்கம், பக்கத்திலிருக்கும் காட்டுச் செடி தனியாக நிற்கிறது. அதாவது அந்தக் காட்டுச் செடியிடம் இருக்கும் சரக்கில் பெரும்பகுதி இன்னும் எந்த விதைப் பாக்கெட்டுக்குள்ளும் வரவில்லை. அந்தப் புல்வெளியை உழுது கடை ரகத்தை விதைத்துவிட்டால் அது போனது போனதுதான்.

வெள்ளைக் குளோவரின் பிறப்பே விசித்திரமானது. அது இரண்டு இனங்கள் கலந்து உண்டான செடி. ஒரு பெற்றோர் மேற்கு ஐரோப்பாவின் கடலோரத்தில் உப்புக்காற்றில் வளரும் டிரைஃபோலியம் ஆக்சிடென்டாலே. இன்னொன்று ஆல்ப்ஸ் மலையின் உயரத்தில் வளரும் டிரைஃபோலியம் பாலெசென்ஸ். கடற்கரைச் செடியும் பனிமலைச் செடியும் இன்று சந்திக்க வழியில்லை. கடைசிப் பனியுகத்தில், சுமார் 15,000 முதல் 28,000 ஆண்டுகளுக்கு முன், பனி மலைச்செடிகளைக் கீழே தள்ளியபோது இரண்டும் ஒரே இடத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று 2019இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. குரோமோசோம்கள் ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் 16 வீதம் 32. கடலோரமும் பனிமலையும் கற்றுக்கொண்டது இரண்டும் ஒரே செடிக்குள் இருப்பதால், எந்தப் புல்வெளியிலும் கால் ஊன்றிக்கொள்கிறது. இரண்டு பெற்றோரும் தத்தம் மூலையை விட்டு நகரவில்லை. பிள்ளை மட்டும் அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துக்கும் போய்விட்டது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காட்டுச் செடியின் பன்மை சும்மா கிடக்கும் சரக்கு இல்லை, அது வேலை செய்துகொண்டே இருக்கிறது என்பதை வெள்ளைக் குளோவரின் சயனைடை வைத்துக் காட்டலாம்.

நம் வீடுகளில் மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னாதே என்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதிலிருக்கும் லினமாரின் என்ற பொருள் உடைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். அதே லினமாரின் வெள்ளைக் குளோவரின் இலையிலும் இருக்கிறது. இரண்டு மரபணுக்கள் இதை நடத்துகின்றன. ஒன்று லினமாரினை உண்டாக்க வேண்டியது, மற்றது அதை உடைக்கும் நொதியை உண்டாக்குவது. பொருளும் நொதியும் இலைக்குள் தனித்தனி இடத்தில் இருக்கும். நத்தையோ பூச்சியோ கடித்து நசுக்கும்போது இரண்டும் சேரும், சயனைடு வெளியாகும், கடித்தது விலகிப்போகும்.

ஆனால் எல்லா வெள்ளைக் குளோவரும் இப்படி இல்லை. ஒரே புல்வெளியில் ஒரு செடிக்கு இரண்டு மரபணுவும் இருக்கும், அடுத்ததற்கு ஒன்றுதான் இருக்கும், இன்னொன்றுக்கு இரண்டுமே இருக்காது. இல்லை என்றால், வேலை செய்யாமல் கிடக்கிறது என்ற பொருளில் சொல்லவில்லை. அந்த டிஎன்ஏ துண்டே அறுந்து போயிருக்கிறது. சயனைடு நல்ல ஆயுதமென்றால் ஏன் எல்லாச் செடியும் அதை வைத்துக்கொள்ளவில்லை? 1950களில் டேடே என்ற ஆய்வாளர் ஐரோப்பா முழுக்கச் செடிகளைச் சேகரித்து இதை வரைபடமாக்கினார். மத்தியதரைக் கடலோரம் இருந்த கூட்டங்களில் கிட்டத்தட்ட எல்லாச் செடியும் சயனைடு வகை. வடக்கே, கிழக்கே போகப்போக அந்த விகிதம் குறைந்து, கடும் குளிர் நாடுகளில் அநேகமாக இல்லாமலே போகிறது. ஆல்ப்ஸ் மலையில் கீழிருந்து மேலே ஏறினாலும் அதே சரிவு. வெப்பமான இடத்தில் தின்ன வரும் வாய்கள் அதிகம், அங்கே ஆயுதம் லாபம். குளிரில் அந்த ஆயுதத்தைச் சுமப்பதே செலவு. ஒவ்வோர் இடமும் தனக்கு வேண்டிய விகிதத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது.

ஐரோப்பியர்கள் வெள்ளைக் குளோவரை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சில நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் அங்கேயும் தெற்கே அதிகம், வடக்கே குறைவு என்று அதே சரிவு உருவாகிவிட்டது. கைவசம் இரண்டு வடிவமும் இருந்ததால்தான் இவ்வளவு வேகம். 2022இல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்திய உலகளாவிய ஆய்வொன்று வெளிவந்தது. 26 நாடுகளில் 160 நகரங்கள், 1,10,000க்கும் மேற்பட்ட செடிகள். ஒவ்வொரு நகரத்திலும் மையத்திலிருந்து கிராமப்புறம் வரை வரிசையாகச் செடி எடுத்து, சயனைடு வருகிறதா என்று பார்த்தார்கள். பல நகரங்களில் நகரத்துச் செடிக்கும் கிராமத்துச் செடிக்கும் விகிதம் தெளிவாக மாறியது. பெரும்பாலும் கிராமப்புறம் போகப் போகச் சயனைடு வகை கூடியது. காங்கிரீட்டும் வாகனமும் நிறைந்த இடத்தில் நடைபாதை ஓரத்துக் களைச்செடி ஒன்று பரிணமித்துக்கொண்டிருக்கிறது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் தானாக வளரும் வெள்ளைக் குளோவரை 'காட்டுக் குளோவர்' என்று சொல்வது முழுச் சரியல்ல. அவை வயலிலிருந்து வெளியேறியவற்றின் வாரிசுகள். ஐரோப்பாவிலும்கூடப் பக்கத்து வயல் மகரந்தத்தைத் தேனீ காட்டுச் செடிக்குக் கொண்டு சேர்க்கிறது. அதனால் காட்டுக் குளோவர், பயிர்க் குளோவர் என்று ஒரு கோடு போட்டுப் பிரிக்க முயன்றால் கோடு நிற்காது. கலப்படம் குறைவான பழைய கூட்டங்களைத் தேடி மலைக்கும் தீவுக்கும் பழைய புல்வெளிக்கும் போவது இதனால்தான்.

மாணவர்களுக்கு நேர் எதிரான உதாரணம் வேண்டுமென்றால் சப் குளோவர் இருக்கிறது. இது தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பூ முடிந்ததும் காம்பு வளைந்து காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும், நிலக்கடலை மாதிரியே. இதில் ஒவ்வொரு செடியின் சந்ததியும் தாயின் அச்சு. செடிக்குள் வேறுபாடு மிகக் குறைவு, ஆனால் வம்சத்துக்கு வம்சம் பெரிய வேறுபாடு. நீர் தேங்கும் நிலத்துக்கு ஒரு துணையினம், வெடித்துப் பிளக்கும் காரக் களிமண்ணுக்கு இன்னொரு துணையினம் என்றே பிரிந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவுக்கு இது யாரும் விதைக்காமல் தானாக வந்து சேர்ந்தது. 1889இல் தென் ஆஸ்திரேலியாவின் மவுன்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹோவர்ட் என்ற விவசாயி இதன் அருமையைக் கண்டுகொண்டு விதை பரப்பினார். பிறகு லட்சக்கணக்கான ஏக்கரில் சில ரகங்களை மட்டும் விதைத்தார்கள். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடுகள் சினை பிடிக்காமல் போயின. காரணம் தேடியபோது, அந்த ரகங்களின் இலையில் ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் மிக அதிகமாக இருந்தது தெரிந்தது. தூய வம்சம் என்பதால் வயல் முழுக்க ஒவ்வொரு செடியிலும் அதே அளவு. ஆட்டுக்குத் தப்பித்துத் தின்ன வேறு செடி இல்லை. தீர்வு எங்கே கிடைத்தது? மற்ற வம்சங்களில். அந்தப் பொருள் குறைவாக இருந்த செடிகளைத் தேடி எடுத்து, புது ரகங்களை உருவாக்கினார்கள். மத்தியதரை நாடுகளில் தேடித் திரட்டிய சேகரிப்பு இன்று சுமார் 10,000 மாதிரிகள். அதிலிருந்து பொறுக்கிய 97 வம்சங்கள் மொத்தப் பன்மையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தாங்குகின்றன. தன்மகரந்தச் செடியில்தான் இப்படிச் சின்ன தொகுப்புக்குள் பெரும்பகுதியை அடக்க முடியும். வெள்ளைக் குளோவரில் ஒவ்வொரு மாதிரியும் ஒரு கூட்டம் என்பதால், அதைக் காப்பதற்கே நிறைய செடிகள் வேண்டும்; புதுப்பிக்கும்போது வலைக்குள் தேனீயை விட்டுக் கலக்க வேண்டும்.

அழிவின் விளிம்புக்குப் போன காட்டு இனங்களும் உண்டு. கலிபோர்னியாவின் டிரைஃபோலியம் அமோயினம் அழிந்தே போனதாக நினைத்திருந்தார்கள். 1993இல் ஒரே ஒரு செடி கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்து இன்னோர் இடத்தில் சிறு கூட்டம் ஒன்று கிடைத்திராவிட்டால், அந்த இனத்தின் முழு எதிர்காலமும் ஒற்றைச் செடியின் மரபணுவோடு நின்றிருக்கும். கிழக்கு அமெரிக்காவில் காட்டெருமை மிதித்த தடங்களில் வளர்ந்த இன்னோர் இனத்துக்கும் இதே நிலைதான். 1983இல் மேற்கு வர்ஜீனியாவில் திரும்பக் கண்டெடுத்தார்கள், பாதுகாத்தார்கள், 2021இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து இறங்கியது.

இந்தக் காட்டு உறவினர்களால் பயிருக்கு என்ன பயன் என்று மாணவர்கள் கேட்பார்கள். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் ஆய்வு நிலையத்தில் வெள்ளைக் குளோவரைக் காகேசியக் குளோவரோடு கலந்து, மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி வறட்சியைத் தாங்கும் ரகம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். நியூசிலாந்தில், யாரும் திரும்பிப் பார்க்காத முயல்பாதக் குளோவர் என்ற களையிலிருந்து ஒரே ஒரு மரபணுவை எடுத்து வெள்ளைக் குளோவரில் சேர்த்து, இலையில் டானின் உண்டாக்க முயல்கிறார்கள். டானின் இருந்தால் மாட்டுக்கு வயிறு உப்புவது குறையும், மீத்தேன் வெளியேற்றமும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. சிவப்புக் குளோவரில் கால்ச்சிசினைப் பயன்படுத்திக் குரோமோசோம் எண்ணிக்கையை 14இலிருந்து 28 ஆக்கிய ரகங்களும் உண்டு. கால்ச்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கும் மருந்துதான். ஆனால் இரட்டிப்பதால் இலை பெரிதாகுமே தவிர, இல்லாத அல்லீல் வந்துவிடாது.

நம் நாட்டுக் கதை இதைவிடக் குறுகலானது. தென்கிழக்காசியச் செம்பனையின் தாய் வழி, 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளுக்குப் போய்ச் சேர்கிறது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், 1876இல் பிரேசிலிலிருந்து போன சுமார் 70,000 விதைகளில் முளைத்த கொஞ்சத்திலிருந்து, 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள் போன்ற சிறு தொடக்கத்தில் வளர்ந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இந்தப் பக்கம் வந்தால் என்ன ஆகும் என்று ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் கவலைப்படுவது இதனால்தான். 1970களில் நம் ஆய்வாளர்கள் நைஜீரியாவுக்குப் போய்க் காட்டுச் செம்பனை விதைகளைத் திரட்டி வந்து குளுவாங்கில் நட்டு வைத்ததை, நம் நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. குளோவர் இல்லாமல் காட்ட வழி இருக்கிறது: சங்குப்பூ, கடையில் புங்கா தெலாங் என்று சொல்லிக் கேட்டால் கிடைப்பது. குளோவருக்கு உறவு, பள்ளி வேலியிலேயே படரும். நீலம், வெள்ளை என இரண்டு நிறம் எளிதாகக் கிடைக்கும். நீலம் மேலோங்கும், வெள்ளை ஒடுங்கும்.

வெள்ளைச் செடி ஒன்றையும் நீலச் செடி ஒன்றையும் அடுத்தடுத்து நடச் சொல்லுங்கள். வெள்ளைச் செடியில் சில மொட்டுகளை, விரியுமுன்பே, மெல்லிய துணிப்பையால் கட்டச் சொல்லுங்கள். பைக்குள்ளும் காய் பிடிக்கும், ஏனென்றால் சங்குப்பூ பெரும்பாலும் தன்மகரந்தச் செடி. டார்வினின் மூடிய குளோவரில் விதையே இல்லாததை இதோடு பக்கத்தில் வைத்து மாணவர்களே ஒப்பிடட்டும். அப்புறம், கட்டாத பூக்களின் காய்களிலிருந்து விதை எடுத்து, தோலை லேசாகக் கீறி ஓரிரவு ஊறவைத்து விதையுங்கள். இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். வெள்ளைத் தாயின் பிள்ளைகளில் எத்தனை நீலம் பூக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு நீலமும் பக்கத்துச் செடியிலிருந்து தேனீ கொண்டுவந்த மகரந்தம். மொத்தத்தில் அது எத்தனை விழுக்காடோ, ஏறக்குறைய அதுவே உங்கள் வேலியில் நடந்த அயல்மகரந்தச் சேர்க்கையின் அளவு.

ஒரு எச்சரிக்கை. நீலச் செடி தூய நீலமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அதன் பை கட்டிய பூவிலிருந்து எடுத்த விதைகளில் வெள்ளை பூத்தால் அது கலப்பு. அப்போது அதன் மகரந்தத்தில் பாதி வெள்ளையைச் சுமக்கும், உங்கள் கணக்கு பாதியாகக் குறைந்து தெரியும். விதையைச் சந்தையில் ஒரே கடையில் வாங்காமல், மாணவர்களை அவரவர் வீட்டுப் பக்கமிருந்து, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று கொண்டுவரச் சொல்லுங்கள். இதழ் அடுக்கு, நீலத்தின் அடர்த்தி, காயின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரே வேலிக்குள் எவ்வளவு மாறுகிறது, வேலிக்கு வேலி எவ்வளவு மாறுகிறது என்று இரண்டு பத்திகளாக எழுதினால், நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலை அவர்களே அட்டவணையில் பார்ப்பார்கள்.